பர்மா ரோட்டில் அத்தை ஓட்டிய கார்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் அதட்டியதைக் கேட்டதும் எனக்கு அத்தையின் புருஷன், என் மாமா, நினைவுக்கு வந்தார்.

அப்போது பினாங்கில் எனக்கு எட்டு வயது. மாமா வெற்றிலைச் சாறு தெறிக்கக் கத்தியபடிதான் அத்தைக்குக் கற்றுக்கொடுப்பார். பின்சீட்டின் சூடான தோல் வாசனையில் நான் ஒடுங்கியிருப்பேன். ஒருநாள் பர்மா ரோட்டில் அந்தக் கத்தலில் அத்தை பதறி, ஒரு ரிக்‌ஷாவின் சக்கரத்தில் இடித்துவிட்டாள். கூட்டம் கூடியது. மாமா மெல்ல இறங்கிக் கூட்டத்தோடு நின்று, யாரோ போல, பினாங்குப் பேச்சில், "பொம்பளைக்கு எதுக்கு லா காரு?" என்றார்.

அத்தை ரிக்‌ஷாக்காரருக்கு அடிபடவில்லை என்று பார்த்து, மன்னிப்புக் கேட்டு, வண்டியைக் கிளப்பினாள். மாமா ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

"நீங்க யாரு?" என்றாள் அத்தை.

வீடு வரை கார் எங்கும் இடிக்கவில்லை.