காரைப் பார்க்கும் வீட்டுக்காரர்

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் வெர்லீனுக்கு வீடு கொடுக்க ஒருத்தரும் தயாராக இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போடுகிறவள். சம்பளமும் தவறாமல் வருகிறது. இருந்து என்ன பிரயோஜனம்? கணவன் சாகும் முன்பு ஆஸ்பத்திரியில் கிடந்த வகையில் ஏறிய கடன் அவளுடைய கிரெடிட் ஸ்கோரை, அதாவது ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று போடும் மதிப்பெண்ணை, குழியில் தள்ளியிருந்தது. போகிற இடத்திலெல்லாம் முதலில் விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் அந்த ஸ்கோரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். கட்டணம் மட்டும் திரும்பி வராது. பாழாய்ப்போன அந்த எண்ணுக்கு அவள் எப்படிப்பட்டவள் என்று என்ன தெரியும்?

அதனால் கோடை விடுமுறையிலிருந்து அவளும் ஒன்பது வயது மகள் மார்லீயும் காரில்தான் குடித்தனம் நடத்தினார்கள். இது அவளோடு சமையலறையில் வேலை செய்யும் டெலோரிஸுக்கு மட்டும்தான் தெரியும். பாவம், அவள் வீட்டிலேயே கால் நீட்ட இடமில்லை.

டெலோரிஸ்தான் ஸ்டக்கியைப் பற்றிச் சொன்னாள். ஓய்வுபெற்ற பிளம்பர், வாடகைக்கு விடச் சில வீடுகள் வைத்திருக்கிறார். ஸ்கோர் கீர் எதுவும் கேட்க மாட்டார். வீட்டைக் காட்டிவிட்டு, வழியனுப்புகிற சாக்கில் கார் வரைக்கும் வந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். காரை வைத்திருக்கிற லட்சணத்தில்தான் வீட்டையும் வைத்திருப்பார்கள் என்பது அந்த ஊரில் அவரைப் போன்ற வீட்டுக்காரர்களின் கணக்கு.

"நீ கார்ல படுத்து எந்திரிக்கிறது தெரிஞ்சுதோ, அவ்ளோதான்டீ," என்றாள் டெலோரிஸ். "வீடு இல்லாதவளுக்கு யாரு வீடு குடுப்பா?"

வீடு பார்க்கப் போகுமுன் வெர்லீன் காரைக் காலி செய்தாள். போர்வை, தலையணை, பாத்திரம், குளிர்கால உடுப்பு எல்லாவற்றையும் டெலோரிஸ் வீட்டில் இறக்கினாள். சீட்டு இடுக்கிலிருந்த ரொட்டித் துணுக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. அங்கே போய் வாயைத் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் மாதம். வேலை முடிந்து அவர்கள் போய்ச் சேரும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. ஸ்டக்கி அறை அறையாகக் காட்டினார். ஒன்றும் அவள் கண்ணில் பதியவில்லை, நினைப்பெல்லாம் வாசலில் நிற்கிற காரில்தான். சொன்னபடியே அவர் கூடவே வந்தார், குனிந்து பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்பாடா என்று வெர்லீன் மூச்சு விட்டாள்.

மார்லீ சொன்ன சொல் தவறாமல் வாயே திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து ஏறினாள். ஷூவைக் கழற்றி முன்சீட்டுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். சீட்டுப் பையில் அம்மா எடுக்க மறந்திருந்த துண்டை உருவி, ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, நுனியைச் செருகி, மறுபடி ஏற்றினாள். வெளியிலிருந்து யாரும் பார்க்காமல் இருக்க இருட்டியதும் தினம் செய்கிற வேலை அது. பழக்கத்தில் செய்துவிட்டாள்.

வெர்லீன் துண்டைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. குழந்தையைத் திட்ட வார்த்தை வாய் வரை வந்தது. அது என்ன செய்யும்?

ஸ்டக்கி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாகக் காரில் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என்றாள். பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாளா என்றார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டைச் சூடாக்குற ஹீட்டர் பழசும்மா," என்றார் கடைசியில். "ராத்திரியில டொக்கு டொக்குனு சத்தம் போடும். பாப்பா பயந்துக்கப் போறா, முன்னாடியே சொல்லி வைங்க."

வெர்லீனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்லீ பயந்து போய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஷூவைப் போட்டுக்கவா, வேணாமா?"

"போட்டுக்க கண்ணு. வீட்டுக்குள்ள போய்க் கழட்டிக்கலாம்."