வெள்ளைத் துணியில் ஊதாக் கறை

போன வாரம் மகளின் பள்ளிச் சட்டையில் காக்காய் எச்சம் விழுந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அதை வாளியில் போடப் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காக்காய் இல்லை. வெள்ளைத் துணியில் நல்ல ஊதாக் கறை, நடுவில் கடுகை விடச் சின்னதாய் நாலைந்து விதைகள். எம்பிலிப்பிட்டியவில் எங்கள் துணிக்கொடிக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. ஏதோ குருவி எங்கோ பழம் தின்றுவிட்டு அதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சிரிக்காதீர்கள், முகர்ந்தும் பார்த்தேன். புளித்த பழத்தின் வாடை. அப்படியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இரத்தினபுரிக்கு மேலே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் இந்தக் கறை இல்லாத துணியே கிடையாது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் காடு. அதன் விளிம்பில் பெரிய காட்டு அத்தி. அதன் வேரடியிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைத்தான் ஒரு மூங்கிலில் பிடித்துப் பீலியாக விட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அந்தப் பீலிதான். துவைத்ததை அங்கேயே பாறையில் விரிப்போம். அத்தி பழுத்துவிட்டால் மேலே விருந்து, கீழே எங்கள் துணி. பெண்கள் குருவிகளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவார்கள்.

திட்டாத ஒரே ஆள் பாக்கியம் அக்கா. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பால் வெட்டுகிறவள். அவள் ரப்பர் வெட்டுகிற மலை அந்தக் காட்டை ஒட்டியே இருந்ததால், விடியும்போதே, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு அவளுக்குக் குருவிகளோடுதான். துணியை எடுத்ததும் கறையைப் பார்த்துப் பெயர் சொல்வாள்.

"இது பச்சப்பொறா. பாரு, வெதயே இல்ல. வயித்துக்குள்ள அம்மி வச்சிருக்கு அது, எல்லாத்தையும் அரைச்சிரும்."

"அப்ப இது?"

"இது கொட்டோருவா. அத்தி வெத அப்படியே கெடக்கு பாரு. கொட்டை முழுசா விழுந்தா அது பெரிய பொறா."

கொட்டோருவா என்பது சிங்களத்திலிருந்து எங்கள் வாய்க்கு வந்த பெயர். குக்குறுவான் என்று தமிழில் ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். அதிலும் மஞ்சள் நெற்றிக்காரன் ஒன்று, தவிட்டுத் தலைக்காரன் ஒன்று என்று அவள் பிரித்துச் சொல்வாள். கடைசியாக ஒன்று. மற்றக் குருவிகள் வந்து அடங்கிய பிறகு சத்தமில்லாமல் வரும். அதற்கு அவளே வைத்த பெயர் ஊமைச்சி. நாங்கள் அவளை எச்ச ஜோசியக்காரி என்று கேலி செய்வோம். அந்தப் பெயரைக் கட்டிவிட்டதே நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டவுன் பள்ளியில் படித்ததால் என் சிங்களம் எழுத்துச் சிங்களம். லயத்தில் எல்லோருமே சிங்களம் பேசுவார்கள். ஆனால் அது கடைச் சிங்களம், பஸ் சிங்களம். என்னுடையது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத்தான் இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், அந்தத் துண்டுக் காட்டை வெட்டி ரப்பர் நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. காடு போனால் பீலி போய்விடும் என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்தார். மழைக்கோட்டு, கழுத்தில் தொலைநோக்கி, கையில் ஆசியக் காட்டுப் பறவைகளின் படப் புத்தகம். அபூர்வமான குருவி ஏதாவது அங்கே இருந்தால் காட்டில் கை வைக்க விடமாட்டார்கள், அதைப் பார்த்து எழுதத்தான் வந்திருக்கிறார் என்று கங்காணி சொன்னார். வந்த மனிதருக்கு மழைதான் கிடைத்தது. இரண்டு நாளும் விடாமல் கொட்டியது. மரத்தில் ஒரு இறகுகூட அசையவில்லை. கடைசியில், சனங்களைக் கேட்டாவது எழுதிக்கொள்கிறேன் என்றார். தோட்டத்துத் தொரைக்கு வேண்டியவர் முன்னால் கடைச் சிங்களம் பேசினால் மரியாதையாக இருக்காது என்று, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பெரட்டுக்களத் தகரக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கங்காணி முன்கூட்டியே காதில் போட்டிருந்தார்.

"அய்யா என்ன கேட்டாலும் இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அதை அவர் சொல்லியே இருக்க வேண்டாம். கால்சட்டை போட்டவர் கேட்டால் ஆமாம் என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து வேலைக்கு வம்பு வரும். அவர் ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஆமாங்க, வரும். ஆமாங்க, நெறைய வரும். தலையில் சிவப்புக் கொம்பு வைத்த ஒரு பெரிய பறவையைக் காட்டினார். அது நம் நாட்டிலேயே கிடையாது என்று பிறகு அவரே சொன்னார். அதற்கும் ஆமாங்க. ஒரு கிழவர் மரியாதை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "காலையிலயும் வந்துச்சுங்க" என்று வேறு சேர்த்தார். மாத்தயாவின் பேனா மெதுவாக நின்றது.

கடைசியாகப் பாக்கியம் அக்கா. சிவந்த முகமும் பச்சை முதுகுமாக ஒரு குருவியின் படத்தை அவளிடம் காட்டினார். அவள் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"மொகத்த நாங்க எங்க புள்ள பாத்தோம்? குருவி இப்படி ஒருச்சாஞ்சி நின்னு காட்டுமா? நாங்க கீழருந்து பாக்குறவங்க. வயிறு வெள்ள, நீட்டு வாலு, வாலு நுனியெல்லாம் வெள்ள வெள்ளயா இருந்தா சொல்லு, அது நம்ம ஊமைச்சி. மழ புடிக்கிறதுக்கு முன்னாடி என் பாவாடையில எச்சம் போட்டுட்டுப் போயிருக்கு. தொவைக்காமத்தான் வச்சிருக்கேன். அய்யா வந்து பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொழும்பு மாத்தயாவிடம், இந்த அம்மாளின் பாவாடையிலிருக்கும் எச்சத்தை வந்து பாருங்கள் என்று என் செய்தி வாசிப்புச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? "அவங்களுக்குத் தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகவே தெரியும்.

புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேன் வரைக்கும் நான் போனேன். ஏறும்போது அலுப்போடு சொன்னார்.

"எல்லாரும் ஆமா ஆமான்னு சொல்றாங்க மிஸ். நான் தேடி வந்தது அந்தச் செவப்பு மூஞ்சிக் குருவியத்தான். சத்தம் போடாது. வால் நுனியில வெள்ளை இருக்கும். ஒருத்தராவது அந்த வாலப் பத்திச் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நாள் தங்கியிருப்பேன்."

சொல்லியிருக்கலாம். வேன் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால், சற்று முன் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். என்னை மிஸ் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். பையை உள்ளே வைத்தேன், கும்பிட்டேன், வேன் போய்விட்டது.

திரும்பி வரும்போது பாக்கியம் அக்கா பீலியில் அந்தப் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள்.

"நான் அவ்ளோ சொன்னேன். நீ ஒத்த வார்த்தையில முடிச்சிட்ட."

"சுருக்கமாச் சொன்னேன்க்கா."

அவள் பாவாடையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். என்னை ஒரு வசை வைதிருந்தால்கூட இத்தனை வருஷம் இது உள்ளே கிடந்து அறுத்திருக்காது.

அங்கே குறிப்பிடும்படியான குருவி இருப்பதற்கு நம்பக்கூடிய தகவல் இல்லை என்று கடிதம் வந்ததாகக் கேள்வி. அந்த வருஷமே காட்டை வெட்டினார்கள். அத்தி விழுந்த அன்று நான் பிள்ளைக் காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைகள் பயப்படுவார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பயந்தது யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வறட்சியில் பீலி நூலாக ஒழுகி, பிறகு நின்றேவிட்டது. பள்ளத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தார்கள்.

ஒருநாள் நானும் பாக்கியம் அக்காவும் கம்பியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு வெள்ளை வேட்டியை உதறி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பல்லாம் துணி சுத்தமா இருக்கு புள்ள."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சும்மா சொன்னாள். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் வேட்டியின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன். பிறகு அவள் மகனோடு ருவான்வெல்லைப் பக்கம் போய்விட்டாள். அங்கேயே இறந்துபோனாள் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஊமைச்சியை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. அதைப் பார்த்தால் சொல்லத் தெரிந்தவளும் அங்கே இல்லை.

வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை மகள் உலுக்கினாள்.

"என்னம்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க? என்ன குருவி இது?"

விதை இருக்கிறது, ஆகவே பச்சைப்புறா இல்லை. கொட்டை இல்லை, ஆகவே பெரிய புறாவும் இல்லை. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. பாக்கியம் அக்கா பத்து வருஷம் என் காதுபடச் சொன்னதைக் கேலி செய்யத்தான் கேட்டேனே தவிர, கற்றுக்கொள்ளக் கேட்கவில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் சட்டையை வாங்கி வாளியில் அமுக்கினாள்.