ஜட்ஜம்மாவின் மோவாய்

மார்ட்டன் பே கோர்ட்டில் நீதிபதி கோலீன் ராட்கே வாயால் பேசியதைவிட மோவாயால் பேசியதுதான் அதிகம். அந்தப் பேச்சைத் தப்பில்லாமல் புரிந்துகொண்டவள் ஊரில் ஒருத்திதான். அவள் வெர்னா ஸ்டாஷக், அந்த அம்மாவின் கோர்ட்டில் டவாலி.

வெர்னா அதற்கு முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். விஸ்கான்சின் பனியில் சக்கரம் வழுக்க, பின்னால் ஒரு பஸ் பிள்ளைகளும் கூச்சல் போட, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே அதட்டலில் அடக்குவாள். கணவன் எட் இறந்த பிறகு, வைத்தியக் காப்பீடாவது கிடைக்கட்டும் என்று கோர்ட் வேலைக்கு வந்தாள். பஸ்ஸில் பழகிய தொண்டை அங்கேயும் கைகொடுத்தது. "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று அவள் குரல் கொடுத்தால், வெளியே தாழ்வாரப் பெஞ்சில் சாய்ந்து தூங்கும் வக்கீல்கூட அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஜட்ஜம்மா அப்படியே நேரெதிர். குரல் எழும்பாது. மோவாய் இடப்பக்கம் போனால் அடுத்த வழக்கைக் கூப்பிடு என்று அர்த்தம். கீழே இறங்கினால், அழுகிறவருக்குத் தண்ணீர் கொடு. பக்கவாட்டிலிருந்த ஜூரி கதவைப் பார்த்து லேசாக உயர்ந்தால், இந்த ஆளை அந்த வழியாக அனுப்பிவிடு. அது ஜூரிகள் வந்துபோகும் கதவு. ஆனால் சில நாள் அடிபட்ட ஒரு பெண் சாட்சி சொல்லி முடித்திருப்பாள். அடித்த புருஷன் வெளித் தாழ்வாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். அப்போதெல்லாம் மோவாய் உயரும், வெர்னா கதவைத் திறப்பாள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. அந்தக் கோர்ட்டின் பழக்கம் அது, அவ்வளவுதான்.

அந்த வசந்தகாலக் காலையில் தாழ்வாரத்தில் நின்றது புருஷன் அல்ல, குடிவரவு அதிகாரிகள். சாதாரணச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். உள்ளே எவாரிஸ்டோ என்ற கூரை வேய்கிற ஆள், அறைத்தோழனோடு கைகலப்பு என்ற வழக்குக்காக வந்து உட்கார்ந்திருந்தான். நாட்டில் தங்க உரிய தாள் இல்லாத அவனைக் கொண்டுபோகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் ஜட்ஜம்மா அங்கியோடு வெளியே போனார். கோர்ட்டுக்குள் ஆள் பிடிப்பதானால் தலைமை நீதிபதியிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அவர்களை மாடிக்கு அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். எவாரிஸ்டோவைப் பார்த்தார். அவன் தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தான். மோவாய் ஜூரி கதவின் பக்கம் உயர்ந்தது.

வெர்னா திறந்தாள். "படியப் பாத்து இறங்குங்க, ஈரமா இருக்கு" என்று அவனிடம் சொன்னதுகூட அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று அவன் தப்பிவிட்டான். ஆனால் கொஞ்ச நாளிலேயே, வேலை செய்துகொண்டிருந்த கூரையின் மேலிருந்தே இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே ஜட்ஜம்மாவைக் கைது செய்திருந்தார்கள். குடிவரவு அதிகாரிகளின் வேலைக்கு இடையூறு செய்தார் என்று குற்றச்சாட்டு. ஜாமீனில் விட்டபோது, சாட்சிகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நிபந்தனை. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி யார்? வெர்னாவேதான்.

ஒருநாள் மளிகைக் கடையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஜட்ஜம்மா தள்ளுவண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஒரு தலையசைப்புகூட இல்லை. வெர்னா வாங்க வந்த பாலை மறந்துவிட்டு வீடு திரும்பினாள்.

விசாரணைக்குப் பெரிய நகரத்து மத்திய நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கொழுந்தன் ரோலண்ட் தன் டிரக்கில் அழைத்துப்போனான். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"அண்ணி, நான் சொல்றேன் பாருங்க. அந்தம்மா வழுக்கிட்டுப் போயிடுவாங்க. ஜட்ஜுங்க மாட்டுனதா சரித்திரமே கிடையாது. நீங்களும் நானும் சிவப்பு விளக்கத் தாண்டுனா அபராதம், அவங்க தாண்டுனா விளக்கு மேல தப்பு!"

"வாயை மூடிட்டு ரோட்டப் பாருடா."

"சட்டம்னா சட்டம்தானே? ஆளப் பின்வாசல் வழியா அனுப்புனாங்களா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கேட்டதைத்தான் நாளைக்கு அரசு வக்கீலும் கேட்கப்போகிறார். அவள் ஒரு முடிவோடு இருந்தாள். பொய் சொல்லமாட்டாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் தரமாட்டாள். மோவாய் என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். அதை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? வயதான டவாலி ஒருத்தி பழக்கதோஷத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டாள். அதற்காக ஒரு நீதிபதியை எந்த ஜூரி தண்டிக்கும்?

மறுநாள் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிவிட்டிருக்கிறாள், தான் ஏறியதில்லை.

"கதவைத் திறக்கச் சொல்லி நீதிபதி உங்களுக்கு உத்தரவு போட்டாரா?" என்றார் அரசு வக்கீல்.

"வாயத் திறந்து ஒண்ணும் சொல்லலைங்க."

"அப்புறம் ஏன் திறந்தீங்க?"

"கதவத் திறக்கறதுதானேங்க என் வேலை."

கூடத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. பிறகு ஜட்ஜம்மாவின் வக்கீல் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது. "அப்படின்னா, பழக்கத்துல நீங்களா திறந்திருக்கலாம்? அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு நீங்க தப்பா எடுத்துட்டிருக்கலாம், இல்லையா?"

"இருக்கலாங்க" என்றாள் வெர்னா. அந்த ஒரு சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. எதிரே ஜட்ஜம்மா மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரு தரப்பும் முடித்துக்கொள்ள, நீங்கள் போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குள் ஒரு நிம்மதி. அதற்கடியில் ஏதோ கசந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. ஜட்ஜம்மா சொல்லமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மறுநாள் அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தடுத்துப் பார்த்தார். ஜட்ஜம்மா எழுந்து நடந்து போய்க் கூண்டில் ஏறினார். கையை உயர்த்தி, உண்மை தவிர வேறில்லை என்று உறுதி சொன்னார். எத்தனையோ ஆயிரம் பேர் அதே சொற்களைச் சொல்லக் கேட்டவர்.

அரசு வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். "டவாலி தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத் திறந்திருக்கலாம்னு உங்க தரப்பு சொல்லுது. அப்படித்தானா?"

"இல்லை."

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டியவர், அப்படியே நின்றார்.

"வெர்னா ஸ்டாஷக் என்னை ஒருநாளும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதில்லை" என்றார் ஜட்ஜம்மா. "என் கோர்ட்ல நான் வாயால சொல்றது கொஞ்சம். அந்தக் கதவைப் பாத்து மோவாயத் தூக்கினேன். அவங்க திறந்தாங்க. அந்த ஆளு அந்த வழியா போகணும்னுதான் தூக்கினேன்."

"வெளிய அதிகாரிங்க காத்திருக்காங்கன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான். புருஷனுக்குப் பயந்தவங்களுக்கு அந்தக் கதவத் திறந்து விட்டிருக்கேன். அந்த ஆளு முகத்துலயும் அதே பயம்தான் தெரிஞ்சுது. அது எனக்கு நியாயமாப் பட்டுது. சட்டப்படி சரியாங்கறத இவங்க சொல்லட்டும்." ஜூரிகளைக் காட்டினார். "செஞ்சது நான். வெர்னா இல்லை."

அவருடைய வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயிலுக்குப் போகிற கேள்வி அது. ஒரு "இருக்கலாம்" போதும், வெளியே வந்திருக்கலாம். அந்த "இருக்கலாம்"-ஐ வெர்னாவே தட்டில் வைத்து நீட்டியிருந்தாள். அந்த அம்மா அதைத் தொடவில்லை. அத்தனை வருஷம் கூடவே இருந்தும், இவ்வளவு பெரிய மனுஷியின் பக்கத்திலா நின்றுகொண்டிருந்தோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபமும் வந்தது. அழுகையும் வந்தது. கைக்குட்டையை மறந்து வந்திருந்தாள், கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தீர்ப்பு வந்தது. குற்றவாளி. ஜூரிகளில் ஒரு பெண், அதைச் சொல்லும்போது தலை குனிந்து அழுதாள். ஜட்ஜம்மா அவளைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் லேசாகத் தலையாட்டினார். தண்டனை என்ன என்பது பிறகு. பதவி அன்றே போயிற்று. சாட்சிகளோடு பேசக்கூடாது என்ற தடையும் அன்றோடு நீங்கியது.

தாழ்வாரத்தில் வெர்னா வழிமறித்தாள்.

"நான் எவ்வளவு பாடுபட்டு மழுப்பி வச்சேன்! எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டீங்களே ஜட்ஜம்மா!"

"நீ மழுப்பினதப் பாக்க சகிக்கல வெர்னா. பொய் உனக்கு வரவே வராது. காதெல்லாம் செவந்து போச்சு." அவர் கோட்டுப் பொத்தானைப் போட முயன்றார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. வெர்னாதான் போட்டுவிட்டாள்.

"பயமா இருக்கா?"

"ரொம்ப" என்றார் ஜட்ஜம்மா. "பசியும் இருக்கு. காலையிலருந்து ஒண்ணும் இறங்கல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்ட்டன் பேயில் பசித்தவர்கள் போகிற இடம் ஒன்றுதான், மாதா கோவில் கூடம். ஊரே அங்கே நீள மேஜைகளில் உட்கார்ந்து பொரித்த மீனும் முட்டைக்கோஸ் சாலடும் ரை மாவு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இருவரும் உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அவர் செய்தது சரி என்பவர்களும் இருந்தார்கள், தப்பு என்பவர்களும் இருந்தார்கள். கையில் தட்டோடு இருவரும் இடம் தேடி நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரோலண்ட்தான் எழுந்தான். அவளை நகரத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தவன், அன்று மதியம் மறுபடி கோர்ட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான், வெர்னாவுக்குத் தெரியாது. முகம் என்னவோ மாதிரி இருந்தது. தன் நாற்காலியைப் பின்னால் இழுத்து ஜட்ஜம்மாவின் பக்கம் தள்ளினான்.

"வழுக்கிட்டுப் போயிடுவீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றான். "நான் ஜூரியில இருந்திருந்தா நானும் குற்றவாளின்னுதான் சொல்லியிருப்பேங்க. உக்காருங்க, மீன் ஆறிப்போவுது."

ஜட்ஜம்மா உட்கார்ந்தார். எலுமிச்சைத் துண்டை எடுத்து மீனின்மேல் பிழிந்தார்.

"ஜூரியில நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.