ஸ்டெல்லா அக்காவின் ஆள் கணக்கு

விசா விண்ணப்ப நிலையத்தில் இருபத்தாறு கடவுச்சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இலக்கம் திரையில் வருவதற்காகக் காத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லா அக்காவின் அடுத்த வீட்டில் இருக்கும் ஃபரீனா பேசினார்.

"நிமி, ஸ்டெல்லா மிஸ் மௌத்தாப் போய்ட்டாங்க. பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன். கதிரையில அப்படியே இருந்தாங்க."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இலக்கம் வந்ததும் எழுந்து போனேன். கட்டின் மேலே இருந்தது குழுத்தலைவர் ஸ்டெல்லா மேரியின் கடவுச்சீட்டு. என்ன செய்வதென்று தெரியாமல் அதை என் கைப்பைக்குள் வைத்துவிட்டு மற்றவற்றை நீட்டினேன். "இருபத்தஞ்சுதானா?" என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கேட்டார். "ஓம்" என்று சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பயண முகவர் நிலையம். பின் யன்னலைத் திறந்தால் ரயில் பாதையும் கடலும் தெரியும். அங்கே ஸ்டெல்லா அக்கா பதினெட்டு வருடங்கள் வேலை செய்தார். அவற்றில் பதினொரு வருடங்கள் நான் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் நிலையம் ஜெர்மனிக்கு ஒரு சுற்றுலாக் குழுவை அனுப்பும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வைத்தியர்கள், புறக்கோட்டை வியாபாரிகள் என்று பலரும் வருவார்கள். பேராலயங்கள், கோட்டைகள், அரும்பொருட்காட்சியகங்கள் எல்லாவற்றையும் பத்து நாளில் காட்டி, எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிவருவது அக்காவின் பொறுப்பு.

அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஜெர்மன் மொழியைத் தானே படித்துக்கொண்டவர். கொலோன் பேராலயத்தின் முன்னால் நின்று, "இதைக் கட்டி முடிக்க அறுநூறு வருசத்துக்கு மேல எடுத்தது. நடுவில வேலை நிண்டுபோய், பாதிக் கோபுரத்தில பாரந்தூக்கி மட்டும் நூற்றுக்கணக்கான வருசம் அப்படியே நிண்டது" என்பார். "எங்கட ஃப்ளாட் மாதிரித்தான்" என்று யாராவது சொல்ல, குழு முழுவதும் சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவருடைய கண் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் போகும். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது புதியவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாளில் எத்தனை முறை எண்ணுவார் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, கோட்டை வாசலில், படிக்கட்டின் மேலே, படிக்கட்டின் கீழே. எண்ணி முடித்த பிறகும் சில வேளைகளில் திரும்பிப் பார்த்து, "இன்னுமொராள் வரவேணும்" என்பார். "எல்லாரும் நிக்கினம் அக்கா" என்று நான் சொன்னால், கனவிலிருந்து விழித்தவர் போல, "ஓமோம், சரி" என்பார்.

அவருடன் நான் போன முதல் பயணத்தில், பெர்லினில் ஓர் அரும்பொருட்காட்சியகத்தில் அவர் திடீரென்று காணாமற்போனார். தேடிப்போனேன். எங்களைப் போலவே கறுத்த, தலை நரைத்த ஒரு மனிதரின் பின்னால் அவர் மெல்ல நடந்துகொண்டிருந்தார். சிலைகள் இருந்த மூன்று மண்டபங்களை அந்த மனிதர் கடக்கும்வரை இவரும் கடந்தார். கடைசியில் அந்த மனிதர் திரும்பினார். பங்களாதேஷ்காரர். அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"தெரிஞ்ச ஆளோ அக்கா?"

"இல்லை. நான் ஒரு இருபத்திரண்டு வயசுப் பொடியனைத் தேடுறனான். இண்டைக்குத்தான் யோசிச்சன், அவனுக்கும் இப்ப தலை நரைச்சிருக்கும்."

சொல்லிவிட்டுக் குழுவை எண்ணப் போனார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பொடியன் யாரென்று எனக்குத் தெரியவந்தது நான்காவது பயணத்தில். அதற்குக் காரணம் என்னுடைய தவறு. ரைன் நதிக்கு மேலே மலையுச்சியில் ஒரு கோட்டை. அன்று அக்காவுக்குக் கடும் காய்ச்சல். பஸ்ஸில் சாய்ந்தபடியே, "நிமி, நீர் எண்ணும்" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் அவசரம். நான் நின்ற இடத்திலிருந்தே இருக்கைகளைப் பார்த்தேன். புதுக்கடை நீதிமன்றத்தில் நாற்பது வருடம் வழக்காடி ஓய்வுபெற்ற நடராஜா ஐயாவின் தொப்பியும் மேலங்கியும் அவருடைய இருக்கையில் இருந்தன. மலசலகூடத்துக்குப் போய்விட்டு ஏறியிருப்பார் என்று நினைத்தேன். "சரி அக்கா, எல்லாரும் வந்திட்டினம்" என்றேன்.

நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓடிய பிறகு அக்கா எழுந்தார். இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தார். தொப்பி இருந்த இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஐயா எங்க?"

ஓட்டுநரிடம் அக்கா ஜெர்மனில் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பஸ் திரும்பியது. இரவுச் சாப்பாடு பிந்துகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அக்காவின் காதில் எதுவும் விழவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோட்டையைப் பூட்டிவிட்டார்கள். மணியடித்து, காவலாளியைக் கூப்பிட்டு, உள்ளே ஓடினோம். நிலத்தடியில் இருந்த சிற்றாலயத்தில், கல்லில் செதுக்கிப் படுக்கவைத்த ஒரு பிரபுவின் சிலைக்குப் பக்கத்தில், நீள வாங்கொன்றில் நடராஜா ஐயா உட்கார்ந்திருந்தார். கண்ணயர்ந்துவிட்டாராம். எழுந்து பார்த்தபோது கதவு பூட்டியிருந்ததாம். குளிரில் அவருடைய உதடு நீலமாகியிருந்தது.

"கூப்பிட்டுப் பார்த்தன் பிள்ளை. என்ர குரல்தான் திரும்பி வந்தது. ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு நினைச்சிட்டன்."

அக்கா தன் போர்வையை அவருக்குப் போர்த்தி, கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கல் தரையில் முழங்காலில் இருந்து விம்மி விம்மி அழுதார். அந்த அழுகை நடராஜா ஐயாவுக்காக மட்டுமல்ல என்று எனக்கு அப்போதே விளங்கியது.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் தம்பி சீலனைப் பற்றிச் சொன்னார்.

அவர்களுடைய குடும்பம் குருநகரிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இடம்பெயர்ந்து வந்தது. தொண்ணூறுகளில், சோதனைச் சாவடிகளுக்கும் சுற்றிவளைப்புகளுக்கும் பயந்து, சீலனை ஒரு முகவரிடம் ஒப்படைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மொஸ்கோ, பிறகு போலந்து. அங்கிருந்து குளிர்காலத்தில் எல்லை ஆற்றைக் கடந்து ஜெர்மனிக்குள் போக வேண்டும். ஒன்பது பேர் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மூன்று வருடங்கள் சீலனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அதன் பிறகு அந்த ஒன்பது பேரில் ஒருவன் தொலைபேசியில் கதைத்தான்.

"கரையேறின உடன ஓடினவையாம். விடிஞ்ச பிறகுதான் எட்டுப் பேர் எண்டு தெரிஞ்சுதாம்" என்றார் அக்கா. "நான் அவங்களைக் குறை சொல்லேல்ல நிமி. பயந்த பிள்ளைகள். எண்ணியிருந்தாலும் திரும்பிப் போயிருக்க மாட்டாங்கள். ஆனா எந்த இடத்தில விட்டது எண்டாவது தெரிஞ்சிருக்கும்."

அவருடைய தாயார் சாகும்வரை, வாசலில் முச்சக்கரவண்டி நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பாராம்.

எங்கள் பயணத்திட்டத்தில் எட்டாம் நாள் ஒரு சின்ன ஆலயம் இருக்கும். எல்லை ஆற்றுக்குப் பக்கத்தில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஊரில். வெள்ளையடித்த சுவர், ஒரு மணி, பத்துப் பதினைந்து வாங்குகள். "இதுக்குள்ள பார்க்க என்ன கிடக்கு?" என்று ஒவ்வொரு குழுவும் கேட்கும். "பழைய கோயில், பாருங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா பின்பக்கம் போய்விடுவார். கோட்டையில் நடந்ததற்குப் பிறகு வந்த பயணத்தில் என்னையும் கூட்டிப்போனார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்மணி அடக்கப் பதிவேட்டை விரித்தார். சீலன் ஆற்றில் இறங்கிய அந்தக் குளிர்காலத்தில் அங்கிருந்து எடுக்கப்பட்ட, அடையாளம் தெரியாத மூன்று ஆண்கள். பின்னால் சேமக்காலையில், பெயரில்லாத மூன்று மரச்சிலுவைகள்.

மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று அந்தப் பெண்மணி ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அக்கா அதை ஆறு வருடங்கள் கைப்பையில் காவித் திரிந்தார்.

"நிரப்பிக் குடுங்கோவன் அக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"குடுத்தா ஒரு பதில் வருமே நிமி" என்றார்.

தாயார் இறந்த மறு வருடம் அவர் அதை நிரப்பிக் கொடுத்தார். பதில் கடந்த ஆண்டு, மழைக்காலத்தில் வந்தது. கடிதத்தை வாசித்துவிட்டு அக்கா பின் யன்னலருகே போய் நின்றார். கீழே பாணந்துறை ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து சொன்னார்.

"மூண்டு பேரில ஒருத்தனும் அவன் இல்லையாம். சந்தோசப்படுறதோ அழுறதோ தெரியேல்ல."

அந்த வருடம் எட்டாம் நாளை ரத்துச் செய்யலாமா என்று முதலாளி கேட்டார். அக்கா மாட்டேன் என்றார். அவருடைய கடைசிப் பயணமும் அந்த ஆலயத்துக்குப் போனது. மூன்று சிலுவைகளுக்கும் மூன்று மெழுகுதிரி ஏற்றினார். காற்றில் ஒன்று அணைந்துகொண்டே இருந்தது. குனிந்து குனிந்து அதைத் திரும்பவும் ஏற்றினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன் போலிருக்கிறது.

"என்ன பார்க்கிறீர்? அவன் இல்லாட்டி என்ன. இவங்களையும் ஆரோ தேடிக்கொண்டுதானே இருப்பினம். அவைக்கு இஞ்ச வர வழி தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார்.

இறுதிச் சடங்கு நடந்த பிற்பகலில் கொட்டாஞ்சேனை ஒழுங்கை நிறைந்துவிட்டது. ஜெர்மனிக்குப் போய்வந்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். திருப்பலி முடிந்து சேமக்காலைக்கு நடந்தபோது துறைமுகப் பக்கமிருந்து மழை வந்தது. குடும்பக் கல்லறையில் தந்தையின் பெயர், தாயின் பெயர். அவற்றின் கீழே அக்காவின் பெயரைச் செதுக்கக் கல்வேலை செய்பவர் அளவெடுத்தார். தம்பியின் பெயரையும் சேர்ப்போமா என்று பங்குத்தந்தையிடம் நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

"அவ முன்னமே எழுதித் தந்திட்டா" என்றார் பங்குத்தந்தை. "தன்ர பெயருக்குக் கீழ ஒரு வரிக்கு இடம் விட வேணுமாம். ஆனா அதில ஒண்டும் எழுதக் கூடாதாம். 'அவன் செத்தது எனக்குத் தெரியாது ஃபாதர், தெரியாததைக் கல்லில எழுதாதேங்கோ' எண்டவ."

எல்லோரும் போன பிறகு சிறிது நேரம் நின்றேன். கல்லறையின் அடியில் விடப்போகும் அந்த ஒரு வரி இடத்தில், எழுத்தின் பள்ளம் எதிலும் தங்காமல், மழைநீர் நேராக வழிந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், அக்கா. தேடியது போதும். இளைப்பாறுங்கள்.