பதின்மூன்று ஜோடிச் செருப்பும் ஒரு மலை ஏரியும்

இந்திராவின் இடது கால் வலது காலைவிட இரண்டேகால் அங்குலம் குட்டை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். ரங்கூனின் போட்டாதாங் பகுதியில், படகுத்துறைக்குப் போகும் தெருவில், ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் தையல் மெஷின் போட்டிருந்தாள். லுங்கிகளுக்கு மூட்டு அடிப்பதும் பள்ளிச் சட்டைகள் தைப்பதும் வேலை. மெஷினை வலது காலால் மட்டுமே மிதிப்பாள். ‘ஒத்தைக்கால் மெஷின்’ என்று தெருவில் ஒரு கேலி உண்டு. தையல் கோணிப்போனதாக மட்டும் யாரும் சொன்னதில்லை.

இடது செருப்பை அவளே செய்துகொள்வாள். முன்பெல்லாம் லாரி டயரை வெட்டி மூன்று அடுக்காக ஒட்டிப் போட்டிருந்தாள். கனம் தாங்காமல் சாயங்காலமானால் இடுப்பு கழன்றுபோகும். கியாக்தானிலிருந்து சட்டை தைக்கக் கொடுக்க வந்த மீன்காரர் ஒருவர், உடைந்த வலை மிதவை ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். இந்திரா அதைக் கத்தியால் கீறிப் பார்த்தாள். சோப்பில் இறங்குவதுபோல் இறங்கியது. அன்றிலிருந்து உள்ளே மிதவை, அடியில் மெல்லிய டயர்த் தோல், சுற்றிலும் கான்வாஸ் துணி. மீன்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது பழையதில் பாதிகூட இல்லை.

செருப்பு இருந்தால் எங்கும் போவாள். இல்லையென்றால் பிடிமானம் இல்லாமல் பத்தடி தாண்ட முடியாது. பர்மாவில் புத்தர் கோயிலான பகோடாவோ நம் கோயிலோ, எதற்கும் படியின் அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே தெருக்காரர்கள் கூட்டமாக எங்கே போனாலும் இந்திராவுக்கு ஒரே வேலைதான்: அடிவாரத்தில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல். அவளை யாரும் அப்படி நியமிக்கவில்லை. ஒரு தடவை உட்கார்ந்தாள், அடுத்த தடவை அவளுக்கென்று ஓர் இடம் பார்த்து வைத்தார்கள். அந்த வேலையையும் அவள் ஒழுங்காகவே செய்தாள். ஜோடி ஜோடியாக, வீட்டு வரிசைப்படி, குதிகால் தன் பக்கம் இருக்கும்படி அடுக்குவாள். இருபது வருஷத்தில் ஒரு செருப்பு மாறிப்போனதில்லை.

மெஷினுக்கு எதிரே ஒரு பால்மாவுக் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அதில் மே மாதத்துக்கு ஒரு மலை ஏரி: சுற்றிலும் பனிமலை, கரையில் புல், புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வருஷம் முடிந்து மற்ற தாள்களெல்லாம் பொட்டலம் மடிக்கப் போனபோதும் மே மாதம் மட்டும் சுவரிலேயே நின்றது. ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பாதையில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பும்.

அதனால்தான், 1999இல் பங்குனி உத்திரம் முடிந்து எதிர்வீட்டுக் குழந்தைவேலு மலைநாட்டுப் பயணம் பேசியபோது, ஏரி என்ற சொல் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள். ஆண்டுதோறும் பஸ் பிடித்துத் தெருக்காரர்களை எங்காவது கூட்டிப்போகிறவர் அவர்தான்.

“கலோ ஊருக்கு அந்தாண்டை, பைன் காட்டுக்குள்ள இருக்காம். பஸ் நிக்கிற இடத்திலேருந்து அரை மணி நடை.”

“படி உண்டா அண்ணே?”

“படியா? மண்பாதை புள்ளே. மாடு போற பாதை.”

“பகோடா ஏதும்?”

“பகோடா இல்லே. இல்லேன்னுதான் பஸ்காரன் சொன்னான். நீயும் வர்றியா என்ன? வெறும் தண்ணி பாக்க?”

“வெறும் தண்ணிதான் பாக்கணும்” என்றாள் இந்திரா.

ஏற்றத்துக்கென்று புதுச் செருப்பு செய்தாள். மேலே ஏறும்போது நுனி தட்டக் கூடாது என்று முன்பக்கத்தை வளைவாகச் சீவினாள். ஆற்றில் நீர் வற்றும் நேரம், படகுத்துறைப் பலகை செங்குத்தாகச் சரிந்து நிற்கும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு அதில் ஏறி இறங்கிப் பார்த்தாள். முதல் நாள் நுனி தட்டியது. இன்னும் ஒரு நூல் சீவினாள். நான்காம் நாள் நாற்பது தடவை ஏறி இறங்கினாள், ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் பதினான்கு பேர் கிளம்பினார்கள். ஒரு இரவும் மறுநாள் பாதியும் பஸ். ரங்கூன் வெயிலில் வெந்த உடம்புக்கு, மலைக்காற்று ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் பஸ் நின்றது. இந்திராதான் முதலில் இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாதையின் இரு பக்கமும், சுண்ணாம்பு அடித்த இரண்டு பெரிய சிங்கச் சிலைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பகோடாப் படியடியில் இருக்குமே, அதே சிங்கங்கள்.

“அடடே, மேலே பகோடா இருக்கு போலேயே” என்றார் குழந்தைவேலு. “எல்லாரும் ஃபனாவைக் கழட்டுங்க, கழட்டுங்க!”

பர்மாவில் பிறந்து வளர்ந்த கால்கள். சிங்கத்தைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை. பதின்மூன்று ஜோடிச் செருப்பு மண்ணில் விழுந்தது. குழந்தைவேலுவின் மனைவி காளியம்மா திரும்பிப் பார்த்து, “இந்திரா, எம் பட்டுவார் செருப்பு புதுசு. நாய் வந்துடப் போவுது” என்றாள். குழந்தைவேலு மட்டும் ஒரு நொடி தயங்கினார். “பகோடா இல்லேன்னுதான் புள்ளே அவன் சொன்னான்…” என்று இழுத்துவிட்டு அவரும் மரங்களுக்குள் மறைந்தார்.

இந்திரா சிங்கத்தின் கால் நிழலில் உட்கார்ந்தாள். முதலில் அடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கை சும்மா இருக்க முடியாமல் அடுக்கினாள். குதிகால் தன் பக்கம். நாற்பது தடவை ஏறிய செருப்பை நீட்டிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. தன்மேல்தான் கோபம் வந்தது, வெறும் தண்ணியைப் பார்க்க இவ்வளவு ஆசை எதற்கு என்று.

பக்கத்துக் குடிசையில் பிளம்ஸ் பழம் விற்றுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அமா, என்ன, செருப்புக் கடை போட்டிருக்கியா?” என்று, அக்கா முறை வைத்து, பர்மிய மொழியில் கேட்டாள்.

“அவங்க பகோடாவுக்குப் போயிருக்காங்க.”

“எந்தப் பகோடா?”

இந்திரா சிங்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“ஐயோ! மேலே ஒரு மடம் கட்டப்போறோம்னு யாரோ சிங்கத்தை முதல்ல வச்சாங்க. அப்புறம் மடத்தை ஊருக்கு அந்தப் பக்கம் கட்டிட்டாங்க. இதுங்களைத் தூக்க ஆளில்லே. தினம் எங்க மாடு இதுக்கு நடுவுலதான் போவுது. மாடு செருப்பா கழட்டுது?”

“அப்போ ஏரிக்கரையிலே?”

“ஏரிக்கரையிலே ஏரி இருக்கு.”

இந்திரா சிங்கத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓரடி வைத்தாள். நின்று, வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று ஜோடி. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இருபது வருஷத்தில் ஒன்றும் தொலைந்ததில்லை. மடியில் ஊசியும் நூலும் இருந்தன, கோத்துத் தோளில் போடலாம். ஆனால் செருப்பு மாலையோடு வந்து நின்றால் காளியம்மா சாகும்வரை சொல்லிக்காட்டுவாள்.

மலைக்காரப் பெண் குடிசையிலிருந்து ஒரு முதுகுக்கூடையைக் கொண்டுவந்தாள். அதன் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பது அங்கே வழக்கம்.

“செருப்பை நெத்தியிலே சுமந்தா எங்க சாமி கோவிச்சுக்கும்” என்றாள் இந்திரா. பட்டையை இரண்டாக மடித்து, நூலால் நான்கு தையல் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டாள். வரிசை கலையாமல் அடுக்கியதில் காளியம்மாவின் பட்டுவார் மேலே வந்தது.

பாதை படகுத்துறைப் பலகையைவிடச் சரிவு குறைவுதான். ஆனால் நீளம். பைன் ஊசிகள் வழுக்கின. காலை நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் வழுக்கவில்லை என்று கண்டுகொண்டாள். நூறு அடி, ஒரு மரத்தைப் பிடித்து மூச்சு. மறுபடி நூறு அடி. செருப்பின் நுனி எங்கும் தட்டவில்லை.

முக்கால் தூரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பதின்மூன்று பேரும் பாதையோரம் உட்கார்ந்து ஆளுக்கொரு பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைன் காய்களும் சரளைக்கல்லும் குத்திக் கால் பழுத்திருந்தது. திரும்பிவிடலாம் என்று பேச்சு.

“கல்லா இது? கண்ணாடி!” என்று முனகிய காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். “அடிப்பாவி! காவலை விட்டுட்டு வந்துட்டியா? எஞ் செருப்பு?”

“காவலையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணி.”

கூடையை இறக்கி, சிங்கத்தின் கதையைச் சொன்னாள். குழந்தைவேலு தலையில் கைவைத்து, “மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே” என்றார். அதற்குள் காளியம்மா, “அது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?” என்றதில் காடு முழுக்கச் சிரிப்பு.

இந்திரா ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் மாறவில்லை. கடைசி ஜோடியைக் கொடுத்ததும் வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் நடந்தாள். பின்னால் அவர்கள் முள் எடுத்து, வார் மாட்டி, எழுந்து வருவதற்குள் மரங்கள் விலகிவிட்டன.

காலண்டர் ஏரி இல்லை. பனிமலை இல்லை. தெப்பக்குளத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும். நடுவில் நான்கு எருமைகள். ஆனால் தண்ணீரின் மேல் மலை தலைகீழாகக் கிடந்தது. கரையில் புல் இருந்தது. புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையும் இருந்தது. அதில் அவள் தண்ணீர்வரை நடந்தாள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள், இரண்டு காலையும் உள்ளே விட்டாள். எலும்புவரை குளிர்ந்தது.

காளியம்மா மூச்சிரைக்க வந்து பக்கத்தில் சரிந்தாள். அந்த இடது செருப்பைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

“இவ்வளவு லேசாவா இருக்கும்? உள்ளே என்னடி?”

“மிதவை. தண்ணியிலே போட்டா போயிடும். பத்திரம்.”

காளியம்மா அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்வரை கீழே வைக்கவில்லை.

அடுத்த வருஷம் கியாக்தானில், ஆற்றுக்கு நடுவே இருக்கும் பகோடாவுக்குப் போனார்கள். செருப்புக் கழற்றும் இடத்தில் எல்லாரும் பழக்கப்படி இந்திராவைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்து பதினான்கு சீட்டுகளை எடுத்தாள். துணியில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்த சீட்டுகள். ஒன்றில் மட்டும் சிவப்பு நூல்; அதை எடுப்பவருக்குத்தான் இந்தத் தடவை காவல்.

சிவப்பு நூல் குழந்தைவேலுவுக்கு வந்தது.

“குதிகால் உங்க பக்கம் அண்ணே” என்றாள் இந்திரா. தன் இடது செருப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, காளியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.