ஞாயிற்றுக்கிழமையில் அழுதது

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. சட்னிக்கு மிக்ஸி போட்டதற்கே கீழ் வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கள்ளக்குறிச்சியில் என் அக்கா செத்துப்போனாள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். போக வழியில்லை. அக்கா மகள் வீடியோவில் கூப்பிட்டு, “சித்தி, மூஞ்சிய நல்லா பாத்துக்கோங்க, எடுக்கப் போறாங்க” என்றாள். மேளச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. நான் வாய்விட்டு அலறினேன்.

கணவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். “மெதுவா அழும்மா. போலீசக் கூப்ட்டுடப் போறாங்க.”

“இன்னாங்க, அழறதுக்குக் கூட கிழமை பாக்கணுமா?” என்று எரிந்து விழுந்தேன். பிறகு நானே தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆபீசில் இங்கிலீஷ், கடையில் ஜெர்மன், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழியில் பிழைக்கிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு அழத் தமிழ் இருந்தது, கூட அழத்தான் ஆளில்லை. ஒப்பாரி தனியாக வராது. ஒருத்தி எடுத்தால் இன்னொருத்தி வாங்க வேண்டும். கணவர் தண்ணீர் டம்ளரோடு நின்றார். பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரர்தான் என்று சண்டைக்குத் தயாராகத் திறந்தேன். மேல் வீட்டு எரித்ரியாக்காரி நின்றாள். எங்களுக்குள் இருந்தது அரைகுறை ஜெர்மன். அதில் வாடகையைப் பற்றிப் பேசுவோம், எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று பேசுவோம். சாவைப் பற்றிப் பேசியதில்லை. போனைக் காட்டி “அக்கா” என்பதற்கான ஜெர்மன் சொல்லை மட்டும் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவள் பாஷையில் ராகம் போட்டு அழ ஆரம்பித்தாள். கட்டடமே கேட்கும்படி அழுதாள். ஒரே பெயர் அதில் திரும்பத் திரும்ப வந்தது. அது என் அக்கா பெயர் இல்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான், துக்கத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுவார்கள். நான் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு, “என்னப் பெத்த அக்கா” என்று எடுத்தேன். கணவர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இருட்டும்வரை இருந்தாள். துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள், பேசாமல் எழுந்து போவதுதான் எங்கள் வழக்கம். அவளுக்கு அது தெரியாது. வாசலில் என் கையைப் பிடித்து, “நாளைக்கும் வருவேன்” என்றாள்.

ஊரில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். அவளிடம், “கட்டாயம் வா” என்றேன்.