பின்பக்கம் வெளியே வைத்துத் தைத்த கோட்

ஷகிலா அக்கா இறந்துவிட்டார். முந்தாநாள் காலை, மாரடைப்பு. நாற்பத்து மூன்று வயது.

இது அம்மாவின் ஃபேஸ்புக் அக்கவுண்ட். எழுதுவது அவள் மகள் யாழினி, பிளஸ் ஒன். "எழுது, ஆனா யாரையும் திட்டாத" என்று சொல்லித்தான் அம்மா போனைக் கொடுத்தாள். முயற்சி செய்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் உங்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தது ஷகிலா அக்காதான். செய்தி வந்ததும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மூன்றாவது மெசேஜே இதுதான்: "என் பிளவுஸ் அங்க மாட்டிக்கிச்சே, யார்கிட்ட கேக்கறது?"

அதனால் அவர் தைத்த ஜாக்கெட்டுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர் பார்த்த ஃபேஷன் ஷோக்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஆமாம். பாரிஸ், மிலன்... என் போனில், அவர் கடையில் புடவை ஓரம் அடிக்கும் பிக்கோ மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. ஒவ்வொரு சீஸன் கலெக்‌ஷன் வந்ததும் நாங்கள் இருவரும் மார்க் போடுவோம். லைப்ரரியில் ஓவியப் புத்தகங்கள் படித்துவிட்டு நான் பெரிதாக ஏதாவது சொல்வேன். அவர் ஒரே வரியில் கவிழ்த்துவிடுவார்.

ஒரு கலெக்‌ஷனில் எல்லாமே உடம்பைத் தொடாமல் உருளை உருளையாகத் தொங்கும் கவுன்கள். "இது டிரஸ் இல்லக்கா, சிற்பம்" என்றேன்.

"சிற்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தேர்ல சுத்தித் தொங்குதே தொம்பை, அதும்மா இது. உள்ள ஒரு பொண்ண வுட்டு நடக்க வச்சிருக்கான்."

அதற்குப் பிறகு வந்த தேர்த் திருவிழாவில் நான் சாமியைப் பார்க்கவே இல்லை. தொம்பைகளை மட்டும் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. துணி அதே மாதிரிதான் ஆடியது.

இன்னொன்றில் ஒரே ஒரு கை வைத்த கோட். "யா அல்லா, இன்னொரு கைக்கு துணி பத்தலையா? இத நான் தச்சிருந்தா உங்கம்மா என்ன சும்மா வுட்டுருப்பாங்களா?" என்று சிரித்ததில் டீ முழுக்க அளவு நோட்டில் கொட்டிவிட்டது.

அன்று காத்துக்கொண்டிருந்த ஒருவர் (பெயர் சொல்லவில்லை அம்மா) "ஜாக்கெட் தைக்க எதுக்கு பாரிஸ் எல்லாம்?" என்று கேட்டார். அக்கா மெஷினை நிறுத்தவே இல்லை.

"அங்கயும் ஒருத்தி இப்டித்தான் குனிஞ்சிக்கினு தச்சிக்கினு இருப்பா மேடம். அவ எப்டி மடிச்சிருக்கான்னு நான் பாக்கக் கூடாதா?"

இந்த வருடக் கலெக்‌ஷன் ஒன்று எங்களை நிஜமாகவே ஆட்டிவிட்டது. எல்லா கோட்டும் உள்பக்கம் வெளியே. முடிச்சுகள், நூல் வால்கள், எல்லாம் அப்படியே தெரிந்தன. எனக்குக் கைலாசநாதர் கோயில் ஞாபகம் வந்தது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து கல் தெரியும் இடங்கள்... பூசிய இடங்களைவிட எனக்கு அவைதான் பிடிக்கும்.

அக்கா போனை வாங்கி, தையலைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "நம்ம ஊர்ல புடவைய மொதல்ல புரட்டித்தானேம்மா பாக்கறோம்? பின்னாடி நூல் எப்டி ஓடியிருக்குதுன்னு பாத்துட்டுத்தானே வாங்கறோம்? அப்புறம் எதுக்கு அத மறைக்கறோம்?" என்றார்.

அம்மாவின் கிழிந்த பட்டுப் புடவையிலிருந்து முந்தானையை வெட்டி, பின்பக்கம் வெளியே வைத்து எனக்கு ஒரு குட்டைக் கோட் தைத்துக் கொடுத்தார். பள்ளி ஆண்டு விழாவில் நான் பேசுகிறேன், அதற்காக.

முந்தானையின் நேர்பக்கத்தில் மயில் அசையாமல் நிற்கும். பின்பக்கத்தில் பச்சையும் ஜரிகையும் ஒன்றையொன்று தாண்டி ஓடின, மயில் அப்போதுதான் கிளம்பிய மாதிரி. பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

"பாப்பா, உல்ட்டாவா மாட்டிக்கினு வந்துட்ட பாரு!" "டெய்லருக்குக் கண்ணு தெரியலையா?" தெரு முழுக்கச் சிரிப்பு. அம்மாவும், "பட்டுத் துணிய பாழாக்கிட்டாங்களே" என்றாள்.

மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். நான்தான் கொண்டுபோனேன்.

"நேர்பக்கமா மாத்திக் குடுங்கக்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"நீ சிரிச்சியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"சரி வுடு. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இன்று வியாழக்கிழமை.

கடையில் அக்காவின் தங்கை பர்வீன் இருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு எல்லோருடைய கவர்களையும் பெயர் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கவரில் அந்தக் கோட்.

ஷகிலா அக்கா வலது கையை மட்டும் பிரித்திருக்கிறார். நேர்பக்கமாகத் திருப்பி, வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாகக் கையாலேயே ஓட்டி வைத்திருக்கிறார். அந்தக் கையில் மயில் நிற்கிறது. மற்றதெல்லாம் இன்னும் பின்பக்கம்தான். ஊசி துணியிலேயே குத்தியிருந்தது.

"மிச்சத்த நான் பிரிச்சுத் தரட்டுமா பாப்பா?" என்று பர்வீன் அக்கா கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

ஊசியை மட்டும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெள்ளைத் தையலைத் தொடவில்லை. தொடமாட்டேன்.

நாளை மாலை இதைத்தான் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறேன். ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், வெள்ளை நூலில் படாமல்.

நம் தெருவிலிருந்து வருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

போய் வாங்க ஷகிலா அக்கா.

அன்னைக்குக் கேட்டீங்களே... இல்லக்கா. நான் சிரிக்கல.